அப்பா நேரம் சொல்லும் தேர்வு

ஜூன் 7, ஞாயிறு

அம்மா இன்று 91 மதிப்பெண். போன வாரம் 88. அதற்கு முந்தின வாரம் 84. வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்துவிட்டேன். கோடு மாடிப்படி மாதிரி ஏறுகிறது. என் மதிப்பெண்களையும் இப்படித்தான் வரைந்து வைக்கிறேன், ஆனால் என் கோடு இவ்வளவு அழகாக ஒருநாளும் ஏறியதில்லை. என்னுடையது பல்வலிக்காரன் முகம் மாதிரி கோணிக்கொண்டிருக்கும்.

செப்டம்பரில் அம்மாவுக்கு வணிகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு. தேறினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நிர்வாகப் படிப்பு. அம்மா வேலை பார்க்கும் பார்சல் கிடங்கு அடுத்த வருஷம் ஊருக்கு வெளியே பெரிய கட்டடத்துக்குப் போகிறது. அங்கே மேற்பார்வையாளர் என்றால் அந்தப் படிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் மறுபடி பெட்டி பிரிக்கும் மேடைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் முழங்கால் போனதே அந்த மேடையில் வருஷக்கணக்காக நின்றதில்தான். "திரும்ப அங்க அனுப்பினா, படுத்துக்கிட்டுதான் பெட்டி பிரிப்பேன்" என்பாள்.

ஆகவே ஞாயிறு காலை எங்கள் வீட்டில் மாதிரித் தேர்வு. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போடுவோம். அம்மா தலையை இறுக்கி வாரி, வேலைக்குப் போகிற உடையில் வந்து உட்காருவாள். அப்பாவின் பழைய போனை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்து ஒலிப்பதிவை ஓடவிடுவாள். அப்பா குரல் வரும்.

"எல்லாரும் உக்காந்தாச்சா? உக்கார ஒருத்திதானே இருக்கா. சரி, ஆரம்பி."

அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். யாராவது எங்காவது மாட்டிக்கொண்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுவார்கள். "நான் இல்லாதப்போ உனக்கு யாரு நேரம் சொல்லுவா?" என்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு முழுத் தேர்வுக்கும் எதிரில் உட்கார்ந்து பதிவு செய்தார். அந்த வருஷத் தேர்வுக்கு முன்பே போய்விட்டார். வேலைக்குப் போன கட்டடத்திலேயே நெஞ்சுவலி. அம்மா அந்த வருஷம் எழுதவில்லை. இந்த வருஷம்தான் மேசையை மறுபடி ஜன்னலோரம் இழுத்தாள்.

மூன்று மணி நேரப் பதிவில் அப்பா பேசுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவர் சும்மா உட்கார்ந்திருப்பது. செய்தித்தாள் புரட்டுவார். இருமுவார். நாற்காலி கிறீச்சிடும். நான் கட்டிலில் உட்கார்ந்து என் பாடத்தைப் படிப்பேன். அறையில் மூன்று பேர் இருப்பது போலவே இருக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

பதிவில் ஓரிடத்தில், கடைசி மணி நேரத்தில், அப்பா சிரிக்கிறார். அடக்க முடியாமல் மூக்கு வழியாக வரும் சிரிப்பு. ஏன் என்று தெரியவில்லை. பின்னணியில் ஒரு பக்கம் திருப்பும் சத்தம் கேட்கிறது. அது நான். நான் அந்த அறையில்தான் இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. எதையோ படித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எப்போதும் போல.

எந்தப் புத்தகம் என்பதுகூட நினைவில்லை. அப்படி என்ன படித்துக் கிழித்தேன்?

ஜூன் 14, ஞாயிறு

94!

சித்தி பத்து மணிக்கு வந்திருக்கிறாள். கதவு வரைக்கும் வந்து, உள்ளே அப்பா இருமுவதைக் கேட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேர்வு முடிந்து நான் கதவைத் திறந்தபோதும் அங்கேயே இருந்தாள். கொண்டுவந்த ரொட்டியில் பாதியைத் தின்று முடித்திருந்தாள்.

"ஏன் சித்தி உள்ள வரல?"

"மாமா குரல் கேட்டுது. அப்புறம் எப்படி வர்றது? காலே வரல." மீதி ரொட்டியை என் கையில் வைத்து, "உங்கம்மா பரீட்சைக்குப் படிக்கிறாளா, தவம் இருக்காளா?"

சித்தி பல் மருத்துவரிடம் உதவியாளர். யார் வாயையும் திறக்க வைத்துவிடுவாள், அம்மாவின் வாயைத் தவிர. நான் மதிப்பெண் கோட்டைக் காட்டினேன். "அடேங்கப்பா" என்றாள். ஆனால் கோட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

ஜூன் 18, வியாழன்

ஒரு விஷயம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்மா தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளை எடுத்துப் போய்விடுவாள், விடை குறித்த தாளை மட்டும் என்னிடம் கொடுப்பாள். அம்மா எழுதிக் கொடுக்கும் சரியான விடைகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது என் வேலை. இன்று பள்ளியில் கணக்கு வகுப்பு சலிப்பாக இருந்தது. டெஸ்க்கில் விரலால் தட்டிக்கொண்டே மனசுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். ஆ, ஈ, அ, அ, இ, ஆ... பாட்டு என்று நினைத்தேன். அது பாட்டு இல்லை. நான் திருத்தப் பார்க்கும் சரியான விடைகள். முதல் கேள்வியிலிருந்து வரிசையாக வருகிறது.

எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்றால் ஒவ்வொரு வாரமும் அதே விடைகள். அதே விடைகள் என்றால் அதே கேள்வித்தாள்.

மாதிரித் தாள்கள் பத்து இருக்கின்றன. அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறாள். நான் மாங்கு மாங்கென்று கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்! எட்டாம் வாய்ப்பாட்டைத் தினம் ஒப்பிக்கிறவனுக்கு முன்னேற்றம் என்று கைதட்டின மாதிரி.

ஏன் அதையே எழுத வேண்டும்?

ஜூன் 21, ஞாயிறு

இன்று படிக்கவில்லை. புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தேன்.

அவள் கேள்விகளைப் படிக்கவே இல்லை. கை தானாகக் குறிக்கிறது. பதிவில் அப்பா "ஏய், பென்சிலக் கடிக்காத" என்பார் ஓரிடத்தில். அவர் சொல்வதற்குச் சற்று முன்னால் அம்மா பென்சிலை எடுத்துப் பல்லில் வைத்தாள். அவர் சொன்னார். எடுத்துவிட்டாள். "தண்ணி வேணுமா?" என்றார். தலையாட்டினாள், வேண்டாம் என்று. "இருபத்தெட்டு, விட்டுட்டியா?" என்றார். பக்கத்தைத் திருப்பி, விட்ட கேள்விக்கு வந்தாள்.

அவர் பேச்சுக்கு ஏற்ற கேள்வித்தாள் அது ஒன்றுதான். அவர் பதிவு செய்த ஞாயிறு அம்மா எழுதிய அதே தாள்.

பதிவில் அப்பாவின் சிரிப்பு வந்தது. அம்மா நிமிர்ந்து, போன் இருக்கும் திசையில் பார்த்து, தானும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் புத்தகத்துக்குள் போய்விட்டேன்.

திருத்தினேன், 96. நான் "சூப்பர்மா" என்றேன்.

ஜூன் 28, ஞாயிறு

இன்று அம்மாவோடு வேலை பார்க்கும் கால்குலேட்டர் அக்கா வந்தாள். லாரியில் எத்தனை பெட்டி ஏறும் என்பதை லாரியைப் பார்த்தே சொல்லிவிடுவாளாம், அதனால் அந்தப் பெயர். அவளும் இதே தேர்வு எழுதுகிறாள். புதுத் தாள் இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தாள்.

"பேட்டர்னே மாறிடுச்சுக்கா. இப்ப மூணு பகுதி, ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம். ஒரு பகுதி முடிஞ்சா திரும்பப் போக முடியாது. எல்லாம் கம்ப்யூட்டர்ல. பழைய தாளை எழுதிட்டு இருந்தீங்கன்னா அவ்ளோதான்."

அம்மா போனை எடுக்கவில்லை. வேறு ஆள் இருக்கும்போது எப்படி எடுப்பாள்? என்னை நேரம் பார்க்கச் சொன்னாள். நான் "ஆரம்பிக்கலாம்" என்றேன். என் குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது.

கால்குலேட்டர் அக்கா தலை நிமிராமல் எழுதினாள். அம்மா முதல் பக்கத்திலேயே இருந்தாள். எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அதில் கால்குலேட்டர் அக்காவின் கைப்பை இருந்தது. கொஞ்ச நேரத்தில் "தலை வலிக்குது, நீ எழுது" என்று எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

போகும்போது அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா பரீட்சைக்கு இன்னும் பேரே பதிவு பண்ணலயாமே? ஆபீஸ்ல கேட்டா பண்றேன் பண்றேன்றாங்க. அடுத்த மாசம் இருபத்தஞ்சாம் தேதியோட முடியுது, சொல்லி வை."

பதிவு செய்யவில்லை.

அப்படியானால் இத்தனை ஞாயிறும் அம்மா எந்தத் தேர்வுக்குத் தயார் செய்தாள்?

ஜூலை 1, புதன்

கேட்டேன். "நேரம் இருக்குடி" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜூலை 4, சனி

எனக்கு ஒரு யோசனை வந்தது! இரண்டு நாளாக மூளைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, இன்று மதியம் செய்தே முடித்துவிட்டேன்.

அம்மாவால் அப்பா குரல் இல்லாமல் எழுத முடியவில்லை. அப்பா குரலோ பழைய தேர்வுக்கானது. சரி, அப்பா குரலையே புதுத் தேர்வுக்கு மாற்றிவிட்டால்? அம்மா கிடங்குக்குப் போயிருந்தாள். அலமாரியிலிருந்து போனை எடுத்தேன். பதிவை வெட்டுவதற்கு அதிலேயே வசதி இருக்கிறது. "ஆரம்பி"யை முதலில் வைத்தேன். நாற்பது நிமிஷம் அவர் உட்கார்ந்திருப்பது. "நேரம் ஆச்சு, அடுத்தது". இப்படி மூன்று முறை. அந்தப் பழைய தாளுக்கு மட்டும் பொருந்துகிற பேச்சையெல்லாம் எடுத்துவிட்டேன். "இருபத்தெட்டு", "பென்சில்", எல்லாம். புதுத் தேர்வு இரண்டு மணி நேரம்தான், கடைசி ஒரு மணி நேரம் தேவையில்லை. தையல்காரர் பழைய சட்டையைச் சின்ன ஆளுக்குப் பிடித்துத் தைக்கிற மாதிரி நுணுக்கமாகச் செய்தேன். 'சேமி' என்று வந்தது. சேமித்தேன்.

நாளைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஜூலை 5, ஞாயிறு

என்ன எழுத.

புதுத் தாளை மேசையில் வைத்துவிட்டு, "உனக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன்" என்றேன். ஓடவிட்டேன். "ஆரம்பி" என்றார் அப்பா. அம்மாவுக்கு ஆச்சரியம். என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், நிஜமாகவே எழுத ஆரம்பித்தாள்! படித்து, யோசித்து, ஓரத்தில் கணக்குப் போட்டு. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நாற்பது நிமிஷத்தில் "நேரம் ஆச்சு" என்றார். அடுத்த பகுதிக்குப் போனாள்.

அப்புறம் பென்சில் பல்லுக்குப் போனது. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவே இல்லை. போனையே பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

"எதும்மா?"

"அவர் சொல்லுவாரே. எங்க அது?"

"அதெல்லாம் பழைய தாளுக்கு. நான் எடுத்துட்டேன்மா. புதுசுக்கு ஏத்த மாதிரி..."

"சரி. பழையதப் போடு."

பழையதைத் தேடினேன். ஒன்றுதான் இருந்தது. நான் வெட்டினது. வேறே இடத்துல இருக்கும்னு நெனச்சேன், இல்ல. குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும் அதுலயும் இல்ல. அதன் மேலேயே சேமிச்சிருக்கேன். அது மேலேயே. ஒவ்வொரு தடவையும் சேமி சேமின்னு அழுத்தினேனே, ஒரு தடவையாவது நின்னு யோசிச்சேனா? பெரிய படிப்பாளி!

சிரிப்பு இல்லை. அந்தக் கடைசி மணி நேரமே இல்லை.

அம்மா கத்தவில்லை. அடிக்கவில்லை. போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தூங்குகிற குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 6, திங்கள்

அம்மா பேசவில்லை. எனக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வழக்கம் போல இரண்டு கரண்டி அதிகமாக.

ஜூலை 8, புதன்

சித்தியும் நானும் போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனோம். கடைசிக் கடைக்காரர் நல்லவர். கம்பியெல்லாம் செருகி வெகுநேரம் பார்த்தார்.

"இத யாருக்காவது அனுப்பியிருக்கீங்களா? வேற எதுலயாவது ஏத்தி வச்சிருக்கீங்களா?"

இல்லை என்றோம்.

"அப்ப போனது போனதுதான்மா. மேல எழுதியாச்சு. என்னங்க இருந்துச்சு, பாட்டா?"

சித்தி சொன்னாள், "ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தது."

கடைக்காரர் காசு வாங்கவில்லை. வெளியே வந்ததும் சித்தி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அதே கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் அழுதோம். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 12, ஞாயிறு

மேசை ஜன்னலோரம் வரவில்லை.

அம்மா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில். வீட்டில் அப்படி ஓர் அமைதி. பதினொன்றைத் தாண்டியிருக்கும். அப்பா இருமினார்.

சத்தியமாகக் கேட்டேன். அவர் எப்போதும் இருமும் நேரம் அது. இரண்டு தடவை, பிறகு தொண்டையைச் செருமுவார். நான் நிமிர்ந்தேன். அம்மாவும், துணியைக் கையில் பிடித்தபடி, அதே நொடியில் நிமிர்ந்து அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போன் அலமாரிக்குள் அணைந்து கிடந்தது.

"ஜன்னலச் சாத்து" என்றாள் அம்மா. ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்குப் பயமாக இருந்தது. சாத்திய பிறகு இன்னும் பயமாக இருந்தது.

ஜூலை 15, புதன்

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வேலைக்குப் போகாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தைலத்தை வாங்கித் தேய்த்தேன். இந்தப் பத்து நாளாக எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"அப்பா ஏன்மா சிரிச்சார்?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுகூடத் தெரியாமதான் இத்தன நாள் கேட்டுட்டு இருந்தியா? உன்னப் பாத்துதான்டி சிரிச்சார். நீ கதைப் புஸ்தகம் படிச்சா வாய் சும்மா இருக்குமா? ராஜான்னா மூஞ்சிய உப்பவைப்ப, கிழவின்னா பல்ல உள்ள இழுத்துக்குவ. அன்னிக்கு எதுக்கோ குரங்கு மாதிரி ஒண்ணு செஞ்ச. உங்கப்பா என்னக் கண்ணால கூப்பிட்டு, அங்க பாருன்னார். நான் பரீட்சை எழுதுறேன், இவர் வேடிக்கை காட்றார். நல்ல கண்காணிப்பாளர்!"

நான் தைலத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன் போல. "தேய்" என்றாள்.

"பழைய தாளையே ஏன்மா எழுதின?"

அம்மா முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"புதுசு எழுதினா பதிவு பண்ணணும். பதிவு பண்ணினா அங்க போய் உக்காரணும். அங்க வேற யாரோ ஆரம்பின்னு சொல்லுவாங்கல்ல." பாத்திரத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் சொல்லி, நான் எழுதி முடிக்காம நிக்குது, அந்தப் பரீட்சை. வேற ஒருத்தர் சொன்னா அது முடிஞ்சிடும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அழுகையில் பாதி புரிந்திருக்காது. அம்மா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "உன்ன அப்படியே நாலு சாத்து சாத்தணும்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றாள். பிறகு, "அந்தக் காலையும் தேய்" என்று இன்னொரு காலை நீட்டினாள்.

ஜூலை 24, வெள்ளி

தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டாள். அம்மா சொல்லவில்லை, கால்குலேட்டர் அக்கா சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில், லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டே செய்தாளாம். "கடைசிப் பட்டனை என்னை அழுத்தச் சொன்னாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க, ஊசி போடற மாதிரி."

ஆகஸ்ட் 2, ஞாயிறு

புதுத் தாள். 41.

அம்மா தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இந்தக் கோட்டையும் வரைவியா?" என்றாள். வரைந்தேன். 96-இலிருந்து கோடு மொட்டைமாடியிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "லிஃப்ட் அறுந்துடுச்சு" என்றாள். சொன்ன கையோடு பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

49. தேர்வு நடக்கும்போது எதிர் நாற்காலியில் நான் உட்கார வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கட்டிலிலிருந்தே நேரம் சொன்னேன். நாற்காலி காலியாகவே இருந்தது. ஓரிரு தடவை அதன் பக்கம் பார்த்துவிட்டு, பார்த்ததற்காக என் பக்கமும் பார்த்தாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கால்குலேட்டர் அக்கா இப்போது வாராவாரம் வருகிறாள். இன்று அம்மா 58, அவள் 73. தவறான விடைகளை இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இதை ஏன் குறித்தாய், அதை ஏன் விட்டாய் என்று சண்டை. பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் பகுதியில் அம்மா கெட்டிக்காரி. கணக்கில் அவசரப்படுகிறாள். "அக்கா, ரெண்டு விடை தப்புன்னு தெரிஞ்சா மீதி ரெண்டுல ஒண்ணுதானே? பெட்டி பிரிக்கிற மாதிரி பிரிங்க. இது இந்த லாரி இல்ல, இது இந்த லாரி இல்ல."

இரண்டாம் பகுதியின் நடுவில் அந்த அக்கா பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஏய், பென்சிலக் கடிக்காத" என்றது ஒரு குரல்.

அம்மாதான் சொன்னாள். ஆனால் அதே இழுப்பு, அதே 'ஏய்'. நான் கட்டிலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் பென்சிலும் நின்றுவிட்டது. கால்குலேட்டர் அக்காவுக்கு எதுவும் தெரியாது. "சாரிக்கா" என்று எடுத்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவும் தொடர்ந்தாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

66. கடைசி மாதிரித் தேர்வு. நேற்றுக் கனவில் அப்பா ஒரு லிஃப்டுக்குள் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வரவில்லை, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

தேர்வு மையம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். வாசலில் எல்லோரும் அம்மாவைவிடச் சின்னவர்கள். அம்மா நுழைவுச் சீட்டை எதிர்க்காற்றில் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஏழாவது மாடி. லிஃப்ட் வந்தது. அம்மா ஏறவில்லை. "படியில போறேன்" என்றாள். அந்த முழங்காலோடு! சித்தி வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். கால்குலேட்டர் அக்காவும் லிஃப்டை விட்டுவிட்டு அம்மாவோடு படியேறினாள். திருப்பத்தில் மறையும் வரை அம்மாவின் கை கைப்பிடியில் ஊர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்த் தேநீர்க் கடையில் காத்திருந்தோம். நான் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். திறக்கவில்லை. சித்தி பக்கத்து மேசைக்காரரின் பல்லைப் பார்த்து "மேல் வரிசையில ரெண்டு போயிடுச்சு" என்று என் காதில் சொன்னாள். சிரிக்க முடியவில்லை. அம்மா பாதியில் எழுந்துவிட்டாளா, குழாயைத் திறந்துவிட்டுக் கழிவறையில் நிற்கிறாளா என்றே ஓடிக்கொண்டிருந்தது.

வந்தாள். லிஃப்டில்தான் இறங்கி வந்தாள். முகம் கழுவியது போல இருந்தது.

சித்தி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "யாரும்மா ஆரம்பின்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலடி. கம்ப்யூட்டர்ல எண் ஓடுச்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு, கேள்வி வந்துடுச்சு." தேநீரை வாங்கி ஊதினாள். "இதுக்குப் போயா இத்தன நாள் பயந்தேன்னு இருந்துச்சு. சொல்றதுக்கு ஒரு ஆளே இல்ல அங்க."

"எழுதினியா?"

"எல்லாத்தையும்."

பிறகு, சித்தியின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, அப்பா இறந்த அன்றுகூட அழாத மாதிரி அழுதாள். தேநீர்க் கடைக்காரர், பரீட்சை சரியாக எழுதவில்லை போல என்று நினைத்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார்.

அக்டோபர் 16, வெள்ளி

கால்குலேட்டர் அக்கா முதல் பட்டியலில். அம்மா பெயர் இல்லை.

அக்டோபர் 23, வெள்ளி

இரண்டாம் பட்டியல். கடைசிக்கு முந்தின பெயர். அம்மா அந்தப் பக்கத்தை மூடி மூடித் திறந்து பார்த்தாள். "வேற யாராவது இதே பேர்ல இருப்பாங்களோ?" என்றாள்.

நவம்பர் 8, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று முதல் வகுப்பு. விடிந்ததும் கிளம்பிவிட்டாள். கால்குலேட்டர் அக்கா கீழிருந்தே "அக்கா, லாரி போயிடும்!" என்று கத்தினாள், பஸ்ஸைத்தான் சொன்னாள். அம்மா தண்ணீர்ப் பாட்டிலை மறந்து, பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது ஒரு நொடி அறையை எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு நினைவு தெரிந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக இருந்ததில்லை. மேசையில் உட்கார்ந்து படிக்கப் பார்த்தேன். பதினொரு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே யாரோ ஆணி அடித்தார்கள். பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் இல்லை. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பயமாக இருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

நூலகத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். பையை எடுத்தேன். ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கதவைப் பூட்டினேன். பூட்டும்போது வாய் தானாக "போயிட்டு வரேன்" என்றது.

பதிலுக்காக நிற்கவில்லை. பஸ் போய்விடும்.